கசிவு போக மீதி

தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது துயரளவி வந்தது. தினமும் அந்த நேரத்துக்குத்தான் வரும். கதவு திறந்தது. திறந்த கையோடு கதவே பேசியது.

"நில்லுங்க. தூசியோட எங்க வாரிய? உதறிட்டு வாங்க. இது வீடு, சுரங்கம் இல்ல."

துயரளவி நின்றது. தன் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வாசல் தூரிகையில் தேய்த்தது. கதவு மறுபேச்சில்லாமல் வழிவிட்டது.

சுயம்பு முகத்தை நிமிர்த்திக் காட்டினான். இயந்திரம் அவன் இரண்டு கண்களுக்குக் கீழும் உறிதாளை ஒற்றி எடுத்தது. மூக்கோரம் இறங்கியிருந்ததையும் விடவில்லை. தாளைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு சற்று நேரம் முனகியது.

"துயரம் தொடர்கிறது. அறை தங்கள் பொறுப்பிலேயே இருக்கும். ஆறுதல்கள்."

"சரி," என்றான் சுயம்பு.

அது போனபின் தேநீர் போட்டான். சர்க்கரை போட்டோமா என்று நினைவில்லை. குடித்துப் பார்த்தான். குடித்தும் தெரியவில்லை.

குழலூர் நிலாவின் தரைக்கு அடியில் இருந்தது. எந்தக் காலத்திலோ எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய நீண்ட குகை. குலசேகரப்பட்டினம் ஏவுதளத்திலிருந்து முதல் கலங்களில் ஏறிவந்தவர்கள் அந்தக் கரையைச் சுற்றிய ஊர்க்காரர்கள். அதனால் குழலூரின் பேச்சும் சண்டையும் அந்தக் கரையின் பேச்சும் சண்டையுமாகவே இருந்தன. இடம்தான் குறைவு. தம்பதிகளுக்கு இணையறை, தனியாட்களுக்கு ஒற்றையறை. இணையறைக்கு எப்போதும் வரிசை உண்டு.

இருவரில் ஒருவர் இறந்தால் மற்றவரை உடனே ஒற்றையறைக்கு மாற்றுவதுதான் பழைய வழக்கம். அது மனிதத்தன்மை இல்லாதது என்று சத்தம் எழுந்தது. ஊரை ஆளும் புதிய மன்றம் இரக்கமுள்ளது. இறந்தவருக்காகத் துயருறுபவர் ஒருவர் இருக்கும்வரை அறை அவர் பொறுப்பில் இருக்கட்டும் என்றது. கணவனைவிடத் தோழி அதிகம் துடிப்பதில்லையா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அதுவும் நியாயம்தான். அதனால் கணவன், மனைவி என்ற சொற்களை நீக்கிவிட்டு, "யார் அதிகம் துயருறுகிறாரோ அவர்" என்று எழுதினார்கள்.

எழுதிய பிறகுதான் துயரத்தை அளக்க வேண்டுமே என்பது நினைவுக்கு வந்தது. துயரம் என்றால் என்ன என்று பொறியாளர்களால் ஒரு வரையறை சொல்ல முடியவில்லை. ஆகவே பூமியின் துஷ்டி வீடுகளில் எடுத்த பழைய ஒளிப்பதிவுகள் அத்தனையையும் இயந்திரத்திடம் கொடுத்தார்கள். மனிதர்கள் அங்கே எதைப் பார்க்கிறார்களோ அதை நீயும் பார் என்றார்கள். இயந்திரம் பார்த்தது. துஷ்டி வீட்டுக்கு வருகிறவர்கள் இறந்தவரைச் சிறிது நேரம்தான் பார்க்கிறார்கள். அப்புறம் நெருங்கிய உறவு யார் என்று தேடி, அவர் கண்களைப் பார்க்கிறார்கள். ஈரமாக இருந்தால் நிம்மதியாக உட்கார்ந்துகொள்கிறார்கள். காய்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் காதில் குனிகிறார்கள். இயந்திரத்துக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. மன்றம் அதற்குத் துயரளவி என்று பெயர் வைத்தது. ஊர் அதை ஒப்பாரிப்பெட்டி என்றது.

சுயம்புவின் மனைவி அன்னக்கனி காற்றடைப்புக் கதவுகள் பழுதுபார்ப்பவள். வீட்டுக் கதவையும் அவள் சும்மா விடவில்லை. தூசியைப் பார்க்கும் கண் ஒன்றை அதற்கு வைத்தாள். பிறகு ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்து பேசினாள். வாக்கியங்களைப் பதிந்து வைக்கவில்லை. தன் பேச்சின் போக்கைச் சொல்லிக்கொடுத்தாள். கதவு ஆளுக்கு ஏற்றபடி, தூசிக்கு ஏற்றபடி, அவள் குரலில் புதிதாகத் திட்டும். அவள் இறந்த பிறகு சுயம்பு அந்தக் குரலைப் பிரதி எடுத்துப் பார்த்தான். பிரதி, பொத்தானை அழுத்தினால் ஏற்கெனவே சொன்னதையே சொன்னது. அவன் கால்களைப் பார்க்கவில்லை. அவன் அதை அழித்துவிட்டான்.

அவள் வேலையிடத்தில் இறந்தாள். சுரங்கத்தின் கடைசியில் ஒரு கதவின் அடைப்பு விட்டுப்போனது. விசாரித்தார்கள். யார் தவறும் இல்லை என்று முடித்தார்கள்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சுயம்புவுக்கு இரண்டு கண்களிலும் வடிதகடு வைத்திருந்தார்கள். நிலாவில் ஈர்ப்புவிசை குறைவு. உடம்பின் நீர் தலைக்கு ஏறும். சிலருக்குக் கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, அழுத்தம் கூடி, பின்னால் இருக்கும் நரம்பை நசுக்கும். பார்வை ஓரங்களிலிருந்து இருளும். பூமியிலும் உள்ள நோய்தான், இங்கே அதிகம். நகத்தைவிட மெல்லிய தகடு ஒன்றைக் கண்ணின் வெள்ளைத் தோலுக்கு அடியில் செருகுவார்கள். முடியைவிட மெல்லிய குழாய் ஒன்று கண்ணுக்குள்ளிருந்து நீரைத் தகட்டுக்குக் கொண்டுவரும். அங்கிருந்து அதை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். குழலூர்த் தகட்டில் கூடுதலாக ஓர் ஊசித்துளை. மிச்ச நீர் அதன் வழியாக இமையோரம் கசியும்.

சுயம்பு தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். கனிதான் இழுத்துப்போனாள்.

"ரெண்டு கண்ணையும் ஒரே தடவையா முடிச்சிருங்க டாக்டர்," என்று சொன்னாள். "இவுக ரெண்டாவது தடவ வரமாட்டாக."

துஷ்டி நாளில் தகடுகள் புதியவை. நீர் தாராளமாக வந்தது. நிலாவில் கண்ணீர் சட்டென்று விழாது. இமையில் திரண்டு, பெருத்து, நடுங்கிக்கொண்டே நின்று, பிறகு மெதுவாக இறங்கும். எல்லோரும் பார்த்தார்கள். எதிர் அறைத் தங்கபுஷ்பம் வாயில் கைவைத்தாள்.

"ஏ ஆத்தா! ஆம்பள இப்பிடி அழுது நான் பாத்ததே இல்ல."

"அக்கா, இது தகடு..." என்று சுயம்பு ஆரம்பித்தான்.

"எல்லாந் தெரியும்யா. பேசாத." அவள் அவன் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

அவன் தனக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தான். காற்று இயந்திரத்தின் இரைச்சல் மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வெளியே அக்காவின் தோள் நனைந்துகொண்டிருந்தது. அழுகிறேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து துயரளவி வந்தது. கண்ணில் என்ன வைத்திருக்கிறாய் என்று அது கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று நினைத்ததில்லை. எது ஏமாற்று, எது இல்லை என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை.

பிறகு நீர் குறைய ஆரம்பித்தது. கூடவே விளக்குகளைச் சுற்றி வளையங்கள் தெரிந்தன.

"துயரம் குறைந்துவருகிறது," என்றது துயரளவி. "வாழ்த்துகள்."

அன்று பிற்பகலே வரிசையில் முதலில் நின்ற புதுமணத் தம்பதி அறையைப் பார்க்க வந்தார்கள்.

"ரெண்டு பேரா? அப்ப ரெண்டு பங்கு தூசி," என்றது கதவு. "மாப்பிள, முன்னால வந்தா முன்னால உதறணும்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டான். "கதவு நல்லா வாயாடுதே! அண்ணே, இந்தக் குரல மாத்திக்கிடலாம்லா?"

அந்தப் பெண் அவன் கையைக் கிள்ளினாள்.

"மாத்தலாம்," என்றான் சுயம்பு. "பழைய நெலைக்குக் கொண்டுவந்தா மணி மட்டும் அடிக்கும்."

அவர்கள் கட்டில்களையும் அலமாரியையும் பார்த்துவிட்டு மரியாதையாகப் போனார்கள். சுயம்பு கண்களைக் கசக்கிப் பார்த்தான். ஈரம் இல்லை. அவ்வளவுதானா என்று யோசித்தான். அவ்வளவுதானா என்றால் எது என்று அவனுக்கே தெரியவில்லை. அறை போனால் கதவு போகும். அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கிளம்பி மருத்துவரிடம் போனான்.

டாக்டர் பெனிட்டா அவன் கண்ணின் உட்புறப் படத்தைத் திரையில் பெரிதாக்கினார்.

"பாருங்க, சுயம்பு. எவ்வளவு அழகா கட்டியிருக்கு!"

தகட்டைச் சுற்றி வெண்மையாக ஓர் உறை தெரிந்தது. அதில் சிவப்புக் கோடுகள் ஓடின.

"என்னது இது?"

"சுவரு. உள்ள ஒரு வெளியாள் வந்துட்டா ஒடம்பு மொதல்ல அதத் தின்னப் பாக்கும். அதுக்குன்னு விழுங்கணு இருக்கு, வந்து கடிச்சுப் பாக்கும். தகட்ட எப்பிடித் தின்ன? நாலஞ்சு சேந்து ஒரே பெரிய அணுவாகி வந்து கடிக்கும். அதுக்கும் அசையாது. அப்புறம் நாரு நெய்யுத அணுக்களக் கூப்பிட்டு, சுத்திச் சுவரெடுத்துரும். தின்னவும் முடியல, துரத்தவும் முடியல, மூடி வச்சிருவோம்னு."

"அப்ப தகடு வீணா?"

"யாரு சொன்னா? அந்தச் சுவருல ஊறித்தான் தண்ணி வெளிய போவணும். இப்ப சுவரு புதுசு. தடிப்பா, ரத்தம் பாஞ்சு கெடக்கு. ஊசித்துளையயும் சேத்து மூடிட்டு. அதான் அழுத்தம் ஏறி வெளக்கச் சுத்தி வளையம் தெரியுது. போகப்போகச் சுவரு மெலிஞ்சு சரியாயிரும். சொட்டு மருந்து தாரேன், போட்டுட்டுப் பொறுமையா இருங்க."

"கீறி விட்ருங்க டாக்டர்."

"எதுக்கு?"

"தண்ணி வெளிய வரணும்."

பெனிட்டா அவனைப் பார்த்தார். "அதான் தானா சரியாவும்னு சொல்லுதேன்லா?"

"சுவரே வராம வைக்க முடியாதா?"

"அதையும் செஞ்சு பாத்தோம். ஒடம்புக்கு அடையாளமே தெரியாத ஒரு பூச்சு. சுவரு வரல. தண்ணி பூராவும் ஓடிப்போயி, கண்ணு காத்து போன பந்து மாதிரி கொழஞ்சிட்டு. தகட்ட எடுத்துட்டோம். சுவரு இருந்தாத்தான் கண்ணு நிக்கும், சுயம்பு."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்தான். பிறகு சொன்னான். "தண்ணி நின்னா வீட்டத் திருப்பிக் குடுக்கணும்."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"அப்ப அந்தப் பெட்டி தெனமும் ஒத்தி எடுத்துட்டுப் போறது..."

"தகட்டுத் தண்ணி."

"நீங்க அழவே இல்லியா?"

"தெரியல டாக்டர்."

"தெரியலன்னா?"

"வந்த தண்ணியில எது எதுன்னு தெரியல."

பெனிட்டா எழுந்து கை கழுவினார். "அழுத்தம் கூடுதலாத்தான் இருக்கு. அதக் காரணம் காட்டி ஒரு தடவ ஊசியால தொறந்து விடுதேன். ஒரு தடவதான். தொறந்த எடத்துல ஒடம்பு இன்னும் வெரசாக் கட்டும், அது அதோட கொணம்." துயரக்காலத்தில் செய்யும் சிகிச்சை எதுவானாலும் துயரளவியும் படிக்கும் பொதுக்கிடங்கில் பதிவாகும் என்றும் சொன்னார். சுயம்பு தலையாட்டினான். எதற்கு ஆட்டினோம் என்று அவன் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் கண்கள் நிறைந்திருந்தன. துயரளவி வந்தபோது தங்கபுஷ்பமும் பாசிமாவு இட்லித் தட்டோடு கூடவே வந்தாள்.

"பெட்டி, ஒனக்குத் தெனமும் சொல்லணுமா?" என்றது கதவு. "தங்கக்கா, கையில தட்டு இருந்தா கால உதறக்கூடாதுன்னு சட்டமா?"

"உதறுதேன்டி, கத்தாத," என்றாள் தங்கபுஷ்பம். கனி இருந்தபோதும் அவள் அப்படித்தான் சொல்லுவாள்.

துயரளவி தாளை ஒற்றியது. வழக்கத்தைவிட நீண்ட நேரம் முனகியது.

"தங்கள் இரு கண்களிலும் வடிதகடு இருப்பது இன்று தெரியவந்தது. கருவிக் கசிவு கழிக்கப்பட்டது. கசிவு போக மீதி எதுவும் இல்லை. முந்தைய ஒற்றல்களும் அவ்வாறே திருத்தப்பட்டன. தாங்கள் தொடக்கத்திலிருந்தே துயருறவில்லை. இதுவரை ஆறுதல் கூறியதற்கு வருந்துகிறோம்."

"என்னலே சொல்லுது இது?" என்றாள் தங்கபுஷ்பம்.

சுயம்பு சொன்னான். தகடு, குழாய், ஊசித்துளை. சொல்லச் சொல்ல அவள் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்ப துஷ்டி அன்னைக்கு என் தோள்ல அழுதது?"

"தகட்டுத் தண்ணிதான்க்கா. சொல்ல வந்தேன். நீங்கதான் பேசாதன்னிய."

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். ஒன்றைப் பார்த்தாள், பிறகு மற்றதைப் பார்த்தாள். துயரளவி பார்ப்பது போலவே இருந்தது.

தொடக்கத்திலிருந்தே துயருறவில்லை. சுயம்பு அந்தச் சொற்களை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தான். தன்னிடம் யாராவது இதை முன்பே சொல்லியிருந்தால் ஆமாம் என்றிருப்பான். இப்போது தரையில் உட்கார வேண்டும்போல் இருந்தது, உட்கார்ந்தான். கண்களில் நீர் திரண்டு, பெருத்து, கன்னத்துக்கு வருவதற்குள் அடுத்தது திரண்டது.

"இதுவும் அந்தத் தண்ணிதானா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"தெரியலக்கா."

துயரளவி குனிந்து ஒற்றியது. "கருவிக் கசிவு. கழிக்கப்பட்டது." பிறகு அவள் பக்கம் திரும்பியது. "விதியில் ஒரு வாய்ப்பு உண்டு. அண்டை வீட்டார் சாட்சி ஏற்கப்படும். இவர் துயருறுகிறாரா?"

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். மூடினாள்.

"நான் எதப் பாத்துச் சொல்ல? ஒருக்கா ஏமாந்தாச்சு. நீதான் மெஷினு, நீயே சொல்லு."

"சாட்சி இல்லை. அறை இன்று காலியாகிறது. கதவு பழைய நிலைக்கு மாற்றப்படும்." துயரளவி தன் மெல்லிய கையைக் கதவின் பக்கவாட்டுப் பலகைக்கு நீட்டியது.

"கதவையா?" என்றாள் தங்கபுஷ்பம். "ஏ, கதவ எதுக்கு?"

"புதிய குடியிருப்பாளருக்காக. குரல் நீக்கப்படும்."

அவளுக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. கதவுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் போய் விழுந்தாள். நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

"ஏ கனி! ஒனக்கு மிஞ்சினது இந்த ஒரு வாயிதானடி! அதையும் அடைக்க வந்துட்டானுவளே! காலையில நீ ஏசலன்னா எனக்குப் பொழுது விடியாதே, என் ஏச்சுக்காரி!"

கண்ணீர் அவள் முகத்திலிருந்து பெரிய பெரிய உருண்டைகளாகப் புறப்பட்டு, அவசரமில்லாமல் தரைக்கு இறங்கியது. துயரளவியின் கை நின்றது. அது திரும்பியது. புதிய தாள் ஒன்றை எடுத்து அவள் கன்னத்தில் ஒற்றியது. அந்தத் தாள் போதாமல் இன்னொன்றை எடுத்தது.

"கருவி இல்லை. கசிவு இல்லை. துயரம் மிக அதிகம். இறந்தவருக்காக அதிகம் துயருறுபவர் தங்கபுஷ்பம். அறை இவர் பொறுப்பில் தரப்படுகிறது. கதவு உள்ளபடியே இருக்கும். ஆறுதல்கள்."

தங்கபுஷ்பம் அழுகையை நிறுத்திவிட்டாள். "எனக்கு எதுக்குலே வீடு? எதுத்தாப்புல எனக்கு ஒண்ணு இருக்குல்லா?"

துயரளவி விதியைச் சொன்னது. சக்கரங்களை உருட்டிக்கொண்டு போய்விட்டது.

சுயம்பு ஒற்றையறைக்கு மாறினான். அங்கே கதவுக்கு மணி மட்டும்தான். டாக்டர் பெனிட்டா சொன்னபடியே கண்ணில் சுவர் முன்னைவிட வேகமாக எழுந்தது, கொஞ்ச காலம் தடித்து நின்றது, பிறகு மெலிந்தது. வளையங்கள் மறைந்தன. நீர் சுவரில் ஊறி உள்ளேயே வடிந்தது, வெளியே ஒரு சொட்டும் வரவில்லை.

"அருமையா அடங்கிட்டு," என்றார் பெனிட்டா.

"அன்னைக்குக் காலையில வந்தது எதுன்னு இந்தப் படத்துல தெரியுமா டாக்டர்?"

அவர் படத்தை ஒருமுறை நிஜமாகவே உற்றுப் பார்த்தார். "தெரியாது, சுயம்பு."

புதுமணத் தம்பதி இன்னும் வரிசையில்தான் நிற்கிறார்கள். தங்கபுஷ்பம் தினமும் காலையில் தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு எதிர் அறைக்குப் போய் உட்கார்ந்து அழுகிறாள். ஒருநாளும் தாள் காய்ந்து வந்ததில்லை. எப்படி முடிகிறது என்று சுயம்பு ஒரு தடவை கேட்டான்.

"கனிய நெனச்சு எம்புட்டு நாளைக்குய்யா அழுவ?" என்றாள். "அது கொஞ்ச நாள்லயே தீந்துட்டு. இப்ப எங்க அம்மைய நெனச்சுக்கிடுவேன். அதுக்கும் வரலன்னா எங்க மாமியா பேசின பேச்ச நெனச்சாப் போதும், கொட்டிரும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பின்ன, துஷ்டி வீட்டுல வேற எப்பிடி அழுவாவ? அவங்கவங்க பாட்ட நெனச்சுத்தான்."

அந்தக் கசிவைக் கழிக்கத் துயரளவிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது பார்த்துக் கற்றுக்கொண்ட துஷ்டி வீடுகளிலும் அதை யாரும் கழித்ததில்லை.

வேலை முடிந்ததும் சுயம்பு அந்த அறைக்கு விருந்தாளியாகப் போவான். தங்கபுஷ்பம் வேண்டாம் என்பதில்லை. போகிற வழியில் சுரங்கத்தின் முனையில் கொஞ்சம் நிற்பான். அங்கே சாம்பல் நிறத்தில் கிடக்கும் நிலாத் தூசியில் இரண்டு கால்களையும் நன்றாகத் தேய்த்துக்கொள்வான். பிறகு வந்து கதவின் முன்னால் நிற்பான்.

"வந்துட்டியளா?" என்றது கதவு. "அதென்ன கால்ல, நிலாவையே அள்ளிட்டு வந்த மாதிரி? ஒங்களுக்கு எத்தன தடவதான் சொல்ல? நின்னு உதறுங்க."

அவன் நின்றான். ஒரு காலை உதறினான். மற்றக் கால் மீதி இருந்தது.